குளச்சல் முதல் வட்டக்கோட்டை வரை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். அடுத்த மாதம் 42 பிள்ளைகளை ஒருநாள் சுற்றுலா அழைத்துப் போக வேண்டும். வழக்கமாக விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும். அதனால் இந்த முறை வேறு பாதை.

காலையில் குளச்சல். 1741இல் டச்சுப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்ததன் நினைவுத் தூண் அங்கே இருக்கிறது. "டீச்சர், அவ்வளவு தூரத்திலிருந்து எதற்கு வந்தார்கள்?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். "உன் வீட்டு அடுக்களையில் இருக்கிற மிளகுக்கு" என்றேன், நம்பவில்லை. அடுத்து உதயகிரிக் கோட்டை. அந்தப் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கூரையில்லாத சிற்றாலயத்துக்குள் கல்லறை. கல்லில் லத்தீனும் தமிழும். பிள்ளைகள் அந்தத் தமிழைத் தாங்களே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. மாலையில் கடலுக்குள் நீட்டி நிற்கும் வட்டக்கோட்டை.

உதவி இதற்குத்தான்: பெரிய பஸ் வட்டக்கோட்டை வாசல் வரை போகுமா? கட்டுச்சோறு பிரித்து உட்கார நிழலான இடம் எங்கே? பெண் பிள்ளைகளுக்குச் சுத்தமான கழிப்பறை வழியில் எங்கே இருக்கிறது? (போன வருடம் இதில்தான் மிகவும் திண்டாடினோம்.) குளச்சல் கடற்கரையில் பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேசக்கூடிய மூத்த மீனவர் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.