வேலூரிலிருந்து மார்கழிக் கச்சேரிக்கு ஒரே ஒரு நாள்: எதைக் கேட்பது, எதை விடுவது?

தொரப்பாடி ரசிகை:
டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும்தான் சென்னை போக முடியும். காலையில் காட்பாடியில் ஏறி, ராத்திரியே வீடு திரும்ப வேண்டும். அட்டவணை பக்கம் பக்கமாக ஓடுகிறது, தெரிந்த பெயர்கள் எல்லாம் சாயங்காலம் ஆறரைக்கே வந்து மோதுகின்றன. பத்துப் பதினைந்து ராகம் அடையாளம் தெரியும். தாளம் போட வராது. எந்தக் கச்சேரியை எடுப்பது? மியூசிக் அகாடமி டிக்கெட் அன்றைக்கே கிடைக்குமா?

காட்பாடி ஜங்ஷன்:
அம்மா, முதலில் திரும்பும் ரயிலை முடிவு செய்யுங்கள், அதிலிருந்து பின்னால் கணக்குப் போட்டு வாருங்கள். ஆறரைக் கச்சேரி முடிய ஒன்பது, ஒன்பதேகால் ஆகும். சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸ், பெங்களூரு மெயில் இரண்டும் பதினொன்று மணிவாக்கில் கிளம்புகிறவை (நேரம் மாறும், போகும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்). 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். காட்பாடியில் இறங்கும்போது மணி ஒன்றைத் தொட்டிருக்கும். அதற்குமேல் தொரப்பாடிக்கு ஆட்டோ.

அதனால் உங்களுக்கு ஏற்றது நாலு மணிக் கச்சேரிதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மதியம் பன்னிரண்டு, ஒன்றே முக்கால் வாக்கில் இளையவர்கள் பாடுவார்கள், பெரும்பாலான சபாக்களில் அதற்கு டிக்கெட்டே கிடையாது. நாலு மணிக்கு உட்காருகிறவர்கள் இளையவர்களுக்கும் பெரிய வித்வான்களுக்கும் நடுவில் இருப்பவர்கள். இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் கிடைப்பதால் ஒரு ராகத்தை அவசரமில்லாமல் ஆலாபனை செய்து (தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது), நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது), கல்பனாஸ்வரம் (அந்த நேரத்தில் கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள்), தனி (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம்) என்று முழுசாகக் கொடுக்க முடியும். ஆறரைக்குள் எழுந்துவிடலாம். ராத்திரி ஒன்பதுக்குள்ளேயே காட்பாடி வழியாகப் போகும் வண்டிகள் உண்டு.

சபாவைத் தேடி அலைய வேண்டாம். சென்ட்ரலுக்கு எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் திருவல்லிக்கேணியைத் தாண்டித் திருமயிலை. மயிலாப்பூர் சபாக்களுக்கு அங்கே இறங்குங்கள். (ஒரே சபா தன் கச்சேரியை வேறு மண்டபத்தில் வைப்பதும் உண்டு. டிக்கெட்டில் மண்டபத்தின் பெயரைப் படியுங்கள்.) ஒரே நாளில் மயிலாப்பூர், தி. நகர் இரண்டையும் கோக்காதீர்கள். சாயங்காலம் டி.டி.கே. சாலையில் நகர்கிற வேகத்தில் அடுத்த கச்சேரியின் வர்ணமும் பிள்ளையார் பாட்டும் போயிருக்கும். பாதிப் பாட்டில் உள்ளே விடமாட்டார்கள், கைதட்டல் வரும்வரை கதவுக்கு வெளியேதான்.

அகாடமியில் நல்ல இருக்கைகள் பெரும்பாலும் சீசன் டிக்கெட்காரர்களிடம் போய்விடும். அன்றன்றைக்கு விற்கும் டிக்கெட்டுக்குக் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். காட்பாடியிலிருந்து வருகிறவர் அதை நம்பி நாளைத் திட்டமிடக் கூடாது. ஆனால் காலை எட்டு மணிவாக்கில் அங்கே நடக்கும் விளக்கவுரைகள் இலவசம். விடியற்காலை வண்டி பிடித்தால் அதில் பாதியாவது கேட்கலாம்.

வாலாஜா வயலின்:
மேலே சொன்னவரோடு ஒன்றில் உடன்பாடு இல்லை. நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, பக்கவாத்தியத்தைப் பாருங்கள். அட்டவணையில் பாடகர் பெயர் பெரிசாக இருக்கும், கீழே மூன்று பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பொடி எழுத்துதான் கச்சேரியில் பாதி. பாடகரின் ஆலாபனைக்கு மறுமொழியாக வாசிப்பவர் வயலின்காரர். பாடகர் பாடியதையே அவர் திருப்பி வாசிக்கிறவராக இருந்தால் ஒரே ராகத்தை இரண்டு தடவை கேட்டதுபோல் அலுத்துவிடும். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மிருதங்க வித்வான் வேலூர் ராமபத்ரன், 2004-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். அவர் வாசிப்பில் மெச்சப்பட்டது சத்தம் அல்ல, பாட்டை மறைக்காத அடக்கம். மிருதங்கக்காரரைத் தேர்ந்தெடுக்க அதுவே அளவுகோல்.

இன்னொன்று, தேதி. சீசனில் ஒரே பாடகர் பல சபாக்களில் பாடுகிறார். டிசம்பர் கடைசிக்குள் பனியும் தொடர்ந்து பாடிய களைப்பும் குரலில் தெரிய ஆரம்பிக்கும். முடிந்தால் சனிக்கிழமையை மாதத்தின் முதல் பாதிக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால், அந்த வாரம் அதிகமாகப் பாடாத ஒருவரையோ, வீணை, புல்லாங்குழல் என்று ஒரு வாத்தியக் கச்சேரியையோ எடுங்கள்.

தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால் பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம். 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம் அங்கேதான் விழா நடத்துகிறது. சென்ட்ரலில் இருந்து அதிக தூரமில்லை, ரயிலைப் பிடிக்கிறவருக்கு இதைவிட வசதி எதுவும் இல்லை.

தொரப்பாடி ரசிகை:
நாலு மணிக் கச்சேரி என்றே வைத்துக்கொள்கிறேன். எங்கே உட்காருவது? தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகலாமா? எல்லோரும் கேன்டீனுக்குப் போகிறார்களே.

சேண்பாக்கம் கஞ்சிரா:
போகிறார்கள், வெட்கமில்லாமல். நீங்கள் போகாதீர்கள். தனியில் உட்காரப் பிடிப்பு இல்லாததால்தான் எழுந்துவிடுகிறோம், அந்தப் பிடிப்பு தாளம்.

ஆதி தாளம்: தொடையில் ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. மொத்தம் எட்டு. இரண்டு களையில் (அதாவது இரட்டிப்பு நிதானத்தில்) பாடினால் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு தடவை போடுவார்கள், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பாடகரின் கையையே பார்த்துப் போடுங்கள். தாளம் தவறிவிட்டால் நிறுத்தி, அடுத்த தட்டு வரும்வரை காத்திருந்து சேர்ந்துகொள்ளுங்கள். பலர் தவறியதை மறைக்க வேகமாகப் போட்டு இன்னும் தவறுவார்கள். மிஸ்ர சாபு என்ற தாளம் வந்தால் மூன்றும் நாலும், ஏழு.

தனி எப்போது முடியும் என்பதும் சொல்லலாம். மிருதங்கமும் கஞ்சிராவும் (அல்லது கடமும்) மாறி மாறி வாசிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இடம் சுருங்கிக்கொண்டே வரும், அது குறைப்பு. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மோரா (முடிவை அறிவிக்கும் சொற்கட்டு), கடைசியில் ஒரு கோர்வையை (கணக்காகக் கோத்த முடிவுச் சொற்கட்டு) மூன்று தடவை. மூன்றாவது முடிகிற இடத்தில்தான் பாடகர் பாட்டின் அடியை எடுப்பார். அந்த எடுப்பில் உங்கள் கையும் சேர்ந்து விழுந்தால் அன்றைய டிக்கெட்டுக்கு அதுவே போதும்.

இருக்கை: நடுவில், எட்டாவது வரிசையை ஒட்டி. முதல் வரிசைகளின் ஓரத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் தம்புராவும் கேட்காது, வயலினும் கீச்சிடும். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலக்கைப் பக்கத்தில்) ஓடும் விரல்களைப் பார்க்க ஆசையென்றால் நமக்கு இடப்பக்கமாக நகருங்கள். பாடகருக்கு வலக்கையில் மிருதங்கம், இடக்கையில் வயலின். இடக்கைப் பழக்கமுள்ள மிருதங்க வித்வான் வந்தால் இரண்டும் இடம் மாறும்.

ரயிலுக்கு அவசரமென்றால் தனிக்கு முன்னாலேயோ தனியிலேயோ எழாதீர்கள். தனி முடிந்து துக்கடா (கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகள்) தொடங்குவதற்கு முன், கைதட்டலோடு சேர்ந்து கிளம்புங்கள். பையில் ஒரு சால்வை வையுங்கள், ஏ.சி. மண்டபங்களில் நாலு மணிக்கே குளிரும்.