முகம் சுளிக்காவிட்டால் வலி இல்லையா?

சோமனூர் தறிக்காரர்:
நேற்று ஈரோடு பிசியோ இங்கே எழுதினார்: “வலி பத்துக்கு எட்டு என்கிறவர் போனில் சிரித்துப் பேசுகிறார். முகம் பொய் சொல்லாது, எல்லாம் மனசுதான்.” படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. எங்க அம்மா காலமெல்லாம் விசைத்தறி ஓட்டி இடுப்பு போனவர். தார் (ஊடை நூல் சுற்றிய கட்டை) மாற்றக் குனிந்தால் முகம் மாறாது. முந்தானையை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொள்வார். அதுதான் அவருக்கு எட்டு.

ஈரோடு பிசியோ:
மனசு என்றால் பொய் என்று அர்த்தமில்லைங்க. மூளையிலிருந்து இறங்கும் சேதி முதுகுத்தண்டிலேயே வலியைக் கூட்டும், குறைக்கும் என்று வலி ஆராய்ச்சியாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965லேயே சொன்னார்கள். பயந்தால் வலி ஏறும். ஆனால் கடும் வலியில் புருவம் இறங்கும், கண் இடுங்கும். ஒரு சுளிப்புகூட இல்லாமல் எட்டா?

சோமனூர் தறிக்காரர்:
சுருக்கென்று குத்தினால் சுளிப்பார்கள். வருசக்கணக்கில் வலிக்கிறவர் விடிய விடிய சுளித்துக்கொண்டா இருப்பார்? ஒருவர் வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020ல் திருத்திய விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. உங்க படிப்பில் அது வரவில்லையா?

பொள்ளாச்சி அம்மிணி:
நான் நர்ஸ். பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வந்தவருக்கு முகமே இறுகிப்போகும், உள்ளே எவ்வளவு வலித்தாலும் வெளியே தெரியாது. தன் உணர்ச்சி என்னவென்று சொல்லத் தெரியாதவர்களும் உண்டு. அதற்கு அலெக்சிதைமியா என்று 1973ல் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் பெயர் வைத்தார். நாள்பட்ட வலிக்காரர்களிடம் இது கூடுதலாகவே தெரிகிறது. அடுத்தவர் முகத்தைப் படிப்பதும் அலெக்சிதைமியா உள்ளவர்களில் பலருக்குச் சிரமம். அவர்கள் முகத்தை வைத்து நாம் மார்க் போடுவதா?

ஈரோடு பிசியோ:
பார்க்கின்சனை யாருங்க கேட்டது? நான் கேட்டது இடுப்பு வலி. சுளிப்பு இல்லாமல் எட்டு எப்படி?

சோமனூர் தறிக்காரர்:
மறுபடி சுளிப்பு! போன மாசம் மூட்டு வலி விவாத இழையிலும் இப்படித்தான் ஒரே பிடி. அன்றைக்கு அந்தப் பெரியவரை “நடிப்பு” என்றீங்க, அவர் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. நோயாளியின் வலியை வைத்தியம் பார்க்கிறவர்கள் குறைத்தே எடை போடுகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. முதலில் உங்க கண்ணைச் சோதியுங்க.

அவிநாசி பனியன்:
கோயம்புத்தூர் போனால் முகத்தையே பார்ப்பதில்லை, நேராக ஸ்கேன்தான். ஈரோட்டுக்காரர் தொட்டாவது பார்க்கிறார்.

பொள்ளாச்சி அம்மிணி:
ஊர்ப் பெருமையை வேறு இழையில் பேசுங்கண்ணா.

அவிநாசி பனியன்:
ஸ்கேனுக்குக் காசு கட்டினவன் நான், நான் பேசக்கூடாதா?

ஈரோடு பிசியோ:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லைங்க.

சோமனூர் தறிக்காரர்:
வந்தாச்சு. மேலே போய்ப் படியுங்க.