டிஃப்யூஷன் ஹைபாக்ஸியா: தமிழில் என்ன சொல்லலாம்?

மயக்கவியல் தொழில்நுட்பர், ராயபுரம்:
அன்பர்களே, மயக்கவியல் உதவியாளர் கையேட்டில் நைட்ரஸ் ஆக்சைடு (மயக்கத்துக்கு முகரவைக்கும் வாயு) பகுதி ஒரு சொல்லால் நிற்கிறது. டிஃப்யூஷன் ஹைபாக்ஸியாவுக்கு "பரவல்வழி ஆக்சிஜன் குறைவு" என்று வரைவில் இருக்கிறது. எது பரவுகிறது, எங்கிருந்து எங்கே? ஒன்றும் விளங்கவில்லை.

அறுவை முடிந்து நைட்ரஸை மூடியதும், இரத்தத்தில் கரைந்திருந்தது நுரையீரலுக்குள் திரும்பக் கொட்டுகிறது. நைட்ரஜனைவிட 30 மடங்குக்கு மேல் கரையும் வாயு அது. காற்றுப்பையில் ஆக்சிஜன் நீர்த்துப்போகும். கரியமில வாயுவும் நீர்ப்பதால் மூச்சுத் தூண்டலும் மங்கும். நோயாளி திணறமாட்டார், சும்மா படுத்திருப்பார். ஆக்சிமீட்டரில் எண் மட்டும் இறங்கும். ஆகவே பெயரில் "திணறல்" கூடவே கூடாது. மூடியதும் 5 முதல் 10 நிமிடம் 100% ஆக்சிஜன் கொடுத்தால் போதும்.

என் பரிந்துரை: வளி எதுக்களிப்பு.

மயக்க மருத்துவர், பெரம்பூர்:
நல்ல சொல்தான், ஆனால் நம் அறையில் ஆபத்து. எதுக்களிப்பு என்றால் வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறுவது. அதைக் கேட்டதும் உதவியாளர் மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி சக்ஷன் குழாயை நீட்ட வேண்டும். ஆக்சிஜன் திருகைத் தேடிப் போனால்? "வளிமீட்சி" என்று வையுங்கள்.

கையேட்டில் "கேஜைப் (அழுத்தமானியை) பார்த்து மீதியை அறிக" என்ற வரியையும் எடுங்கள். நைட்ரஸின் நீலச் சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது தீரும்வரை, 20 டிகிரியில் முள் 51 பார் பக்கத்திலேயே நிற்கும். பிறகு மடமடவென விழும். நம்மூர் மே வெயிலில் சிலிண்டர் 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்றே இருக்காது. எடை போட்டு, காலி எடையைக் கழிப்பதே வழி. வைட்டமின் பி12 எச்சரிக்கையும் காணோம்: இந்த வாயு பி12-ஐச் செயலிழக்க வைக்கும், ஏற்கெனவே பற்றாக்குறை உள்ளவருக்குத் தண்டுவடம் கெடலாம்.

கழிவுநீர்ப் பொறியாளர், கொடுங்கையூர்:
டாக்டர், "வளிமீட்சி" எங்களுக்கு இடிக்கும். கசடு செரிப்பானிலிருந்து மீத்தேன் எடுப்பதை "வளிமீட்பு" என்கிறோம். மங்கலான ஜெராக்ஸில் இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் தொட்டியிலும் நைட்ரஸ் பிறக்கிறது. நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜனாக்கும்போது கடைசிக்கு முந்தின படி அது. கடைசிப் படியின் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. காற்றூட்டும் தொட்டியிலிருந்து திருப்பும் நீரோடு ஆக்சிஜன் வந்தாலோ, கரிமத் தீனி பத்தாவிட்டாலோ வேலை பாதியில் நின்று வாயு மேலே போய்விடும். புவியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ, 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். (மனிதரால் வெளியாகும் நைட்ரஸில் பெரும்பங்கு வயலில் இடும் தழைச்சத்து உரமும் எருவும், நாங்கள் சில்லறை.)

"வளித்திரும்பல்" சரிப்படுமா?

மயக்கவியல் தொழில்நுட்பர், ராயபுரம்:
சரிப்படும். ஆனால் திரும்பல் காரணம் மட்டும். விளைவும் பெயரில் வேண்டும். "வளித்திரும்பல் ஆக்சிஜன் தாழ்வு" என்று எழுதி, பேச்சில் "திரும்பல் தாழ்வு" என்போம். ஆக்சிஜனுக்குப் பதில் "உயிர்வளி" கேட்டுத் தனிமடல் வந்தது. வார்டில் எல்லார் வாயிலும் ஆக்சிஜன்தான், மாற்றவில்லை. சுவரில் ஒட்ட: "நைட்ரஸ் மூடு. ஆக்சிஜன் முழுதாகத் திற. 10 நிமிடம் திரும்பல் தாழ்வு பார்."