கொலு பொம்மை வாங்க வடக்கு மாட வீதியா, கொசப்பேட்டையா, ஆன்லைனா?

வடக்குமாடம்:
நவராத்திரி நெருங்கினாலே "மாட வீதியில் ரெட்டை விலை, ஆன்லைனில் போட்டுவிடு" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. மண் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது? நன்றாகச் சுட்ட பொம்மையை நகத்தால் சுண்டினால் கணீரென்று கேட்கும். மொத்தென்று கேட்டால் விரிசல், இல்லாவிட்டால் உள்ளே ஈரம். கழுத்து, மணிக்கட்டு, ஆயுதம் ஏந்திய கை, சாமிக்குப் பின்னால் வளைந்து நிற்கும் திருவாசி இந்த நாலு இடங்கள்தான் முதலில் உடையும். அங்கே மட்டும் பெயின்ட் தடிப்பாக இருந்தால் ஒட்டு வேலை நடந்திருக்கிறது. மயிலாப்பூர் கபாலி கோயிலை ஒட்டிய அந்த ஒரே தெருவில் காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரை விளாச்சேரி சரக்கெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடம் எங்கே?

கூரியர்காலம்:
அடிப்பாகத்தோடு நாலு பக்கமும் போட்டோ கேட்டால் அனுப்புகிறார்கள் சார். உயரம், அகலம், ஆழம் அங்குலக் கணக்கில் எழுதியிருக்கும். மாட வீதியில் உயரம் கேட்டால் கடைக்காரர் கையை விரித்துக் காட்டுவார். படிக்குப் படி 9 அங்குலம் ஏறும் கொலுவில் 12 அங்குலப் பொம்மையை நடுப்படியில் வைத்தால், பின்னால் நிற்பதன் காலில் 3 அங்குலம் மறைந்துவிடும். கல்யாண செட், கிராம செட்டுக்கு ஆழம் அதைவிட முக்கியம். 10 அங்குல ஆழப் படியில் 14 அங்குலப் பந்தல் எப்படி நிற்கும்? கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு இதையெல்லாம் யார் அளப்பது?

கொசப்பேட்டையான்:
ரெண்டு பேரும் விக்கிறவங்க கிட்டயே நிக்கிறீங்க. செய்யற இடம் புரசைவாக்கத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. ஆடி மாசமே கொசப்பேட்டைக்குப் போனா வர்ணம் போடாத பொம்மையைப் பார்க்கலாம். வர்ணம் ஏறிட்டா முக்கால்வாசிக் குறை மூடிப் போயிடும்.

முக்கியமா நகல் அச்சு. ஒரு பொம்மையை வாங்கி அது மேலேயே அச்சு எடுப்பாங்க. மண்ணு காயும்போதும் சுடும்போதும் நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்து வரைக்கும் சுருங்கும். அதனால 10 அங்குலப் பொம்மையோட நகல் ஒன்பதரை, ஒன்பதுன்னு நிக்கும். அதுக்கும் நகல் எடுத்தா இன்னும் குள்ளம். விரல் இடுக்கு மூடிக்கும், மூக்கு மழுங்கும், கிரீடத்துல கல் வரிசை வெறும் மேடா தெரியும். வர்ணம் ஏறாத வெள்ளைப் பொம்மையில இது உடனே கண்ணுல படும். ஜிகினா ஒட்டினப்புறம் தேட வேண்டியதுதான்.

வடக்குமாடம்:
ஆடியில் போகச் சொல்வது சரி. ஆனால் ஆவணி வரை அங்கே எல்லார் கையும் பிள்ளையார் மேல்தான் இருக்கும். சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் நடுவில் வழக்கமாக 26, 27 நாள்தான். பௌர்ணமிக்குப் பிறகு வரும் மகாளய பட்சத்தில் புதிதாக எதுவும் வாங்காத வீடுகளுக்கு அதிலும் பௌர்ணமி வரை பத்துப் பதினோரு நாள்தான் மிச்சம். அந்த அவசரத்தில் பூசிய வர்ணம் நன்றாகக் காயாது. கொசப்பேட்டையில் வாங்கினாலும் மாட வீதியில் வாங்கினாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பொம்மையின் முதுகில், கீழோரமாக, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் சாயம் ஒட்டினால் வெறும் தண்ணீர் வர்ணம், மேலே வார்னிஷ் கிடையாது. புரட்டாசி மழையில் ஒரு தூறல் போதும் அதற்கு.

அப்புறம், பட்டறையில் மொத்தமாக எடுப்பவருக்குத்தான் முதல் மரியாதை. ஒற்றைப் பொம்மைக்கு யார் செட்டைப் பிரிப்பார்கள்?

கொசப்பேட்டையான்:
பிரிக்க மாட்டாங்க, ஒத்துக்கறேன். நாலு வீடு சேர்ந்து போனா செட்டா எடுத்துப் பங்கு போட்டுக்கலாம். வர்ணத்தையும் நாமளே சொல்லலாம். கண்ணு பறிக்கிற ஃப்ளோரசன்ட் பச்சை வேண்டாம்னு சொல்ற உரிமை மாட வீதியில கிடைக்குமா?

கூரியர்காலம்:
தெருக் கடையில் பிளாஸ்டர் பொம்மையையும் மண் என்று சொல்லி விற்கிறார்களே, அதற்கு என்ன பதில்?

வடக்குமாடம்:
பொம்மையைக் கவிழ்த்து அடி விளிம்பை நகத்தால் கீறுங்கள். மாவு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தால் பிளாஸ்டர். செங்கல் நிறம் தெரிந்தால் சுட்ட மண். சாம்பலும் பழுப்புமாக நார் நாராகத் தெரிந்தால் காகிதக்கூழ். கீறக் கூடாது என்று சொல்லும் கடையில் வாங்காமல் வந்துவிடலாம். இதே சோதனையை உங்கள் போட்டோவில் செய்து காட்டுங்களேன்.

கூரியர் செலவையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை போடுவார்கள். ஒவ்வொரு பக்கமும் 45 சென்டிமீட்டர் உள்ள பெட்டிக்கு 18 கிலோவுக்கு மேல் வரும். உள்ளே இருப்பது 4 கிலோ பொம்மையாக இருந்தாலும் 18 கிலோவுக்குத்தான் பணம்.

கூரியர்காலம்:
அதனால்தான் நான் காகிதக்கூழ் பொம்மையை மட்டும் வரவழைக்கச் சொல்வேன். எடை குறைவு, சுலபத்தில் உடையாது. பெட்டியைப் பிரிக்கும்போது நிறுத்தாமல் வீடியோ எடுக்க வேண்டும். பல கடைகளில் அது இல்லாவிட்டால் உடைசலுக்கு மாற்று கிடையாது. பெங்களூரிலோ புனேயிலோ இருப்பவருக்கு மாட வீதியைக் காட்டி என்ன பிரயோஜனம்?

பழையபெட்டி:
காகிதக்கூழ் உடையாது, ஆனால் பூச்சி அரிக்கும். பரணில் வைக்கும் முன் இரண்டு நாள் நிழலில் காற்றாட விட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பெட்டிக்குள் வசம்பு போடுங்கள். அந்துருண்டை போட்டால் துணியில் முடிந்து போடுங்கள், வர்ணத்தில் படக்கூடாது. புதுப் பொம்மையை நேராகச் செய்தித்தாளில் சுற்றவே சுற்றாதீர்கள். அச்சு மை முகத்தில் இறங்கினால் போகாது. பிளாஸ்டிக் பையும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். முதலில் துணி, அதற்கு மேல் தாள்.

யாரும் கேட்காத விஷயம் ஒன்று. பெரும்பாலான வீடுகளில் செட் ஏற்கெனவே இருக்கும். தசாவதாரத்தில் ஒன்று உடைந்திருக்கும், அந்த ஒன்று மட்டும்தான் வேண்டும். இதற்கு ஆன்லைன் சுத்தமாக உதவாது.

கூரியர்காலம்:
ஏன் மாமி? உயரம் சொல்லித் தேடினால் ஆச்சு.

பழையபெட்டி:
மொத்த உயரத்தை வைத்துத் தேடினால்தான் தப்பாகும். கிரீடம் அச்சுக்கு அச்சு மாறும். பீடத்திலிருந்து தோள் வரை ஒரு நூலில் அளந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். பீடத்தின் அகலத்துக்கு இன்னொரு முடிச்சு. நூலோடு செட்டில் மிச்சம் இருப்பதில் சின்னதாக ஒன்றையும், வாமனரையோ கூர்மத்தையோ, பையில் எடுத்துப் போங்கள். தோல் நீலம் கடைக்குக் கடை வேறு, அதைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வடக்கு மாட வீதியில் உடைந்த செட்டின் மிச்சத்தைத் தனியாக விற்பவர்கள் பின்வரிசையில் வைத்திருப்பார்கள். கேட்டால்தான் எடுப்பார்கள். கடைசி இரண்டு நாளில் இந்த ஒற்றைப் பொம்மைகளுக்குத்தான் பேரம் நன்றாகப் படியும், முழு செட்டுக்கு இல்லை.

கொசப்பேட்டையான்:
மாமி, கை மட்டும் போயிருந்தா புதுசே வேண்டாம். எம்-சீல்னு ஒட்டு மாவு விக்கும், அதோட ரெண்டு பாகத்தையும் சம அளவு பிசைஞ்சு, உள்ளே மெல்லிசு கம்பி வச்சு கையைப் பிடிக்கணும். ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாள் தேய்ச்சு, வெள்ளை அடிச்சு, அப்புறம் அக்ரிலிக். வெள்ளை அடிக்காம நேரா வர்ணம் போட்டா அந்தக் கை மட்டும் கறுத்துத் தெரியும்.

வடக்குமாடம்:
பொம்மையைத் திரும்பச் சுடப் போகிறோம் என்றால் எம்-சீல் கூடாது. வர்ணம் மட்டும் புதுப்பிப்பதற்குச் சரி.