ஒரு லட்சம் டாலர் கட்டணமும் நம் பிள்ளைகளின் சம்பளமும்: 'வெள்ளகோவில் சொந்தங்கள்' குழுவில் ஓர் உரையாடல்

அருண் (சென்னை), இரவு 8:04
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ப்ராஜெக்டில் இந்த ஆண்டு அமெரிக்காவுக்கு ஆன்சைட், அதாவது வாடிக்கையாளர் இடத்திலேயே வேலை பார்க்க, அனுப்புவதாக இருந்த யாரையும் இனி அனுப்பப்போவதில்லை என்று மேலாளர் இன்று சொல்லிவிட்டார். 2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட உத்தரவின்படி வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒருவரை எச்1பி விசாவில், அதாவது திறன்மிக்க வெளிநாட்டுப் பணியாளருக்கான தற்காலிக வேலை விசாவில், அழைத்துக்கொள்ள நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும். அவ்வளவு கட்டி ஆள் அனுப்பினால் எந்த ப்ராஜெக்டிலும் லாபம் நிற்காது என்கிறார்கள். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

முருகேசன் பெரியப்பா (திருப்பூர்), இரவு 8:21
அருண் கண்ணு, மனம் தளராதே. உனக்கு வயது இருக்கிறது. கவிதா, நீ அங்கேயே வேலை பார்ப்பவள், அதனால் உன்னிடம் கேட்கிறேன். நம் பிள்ளைகள் வந்துதான் எங்கள் வேலை போகிறது, சம்பளம் குறைகிறது என்று அந்த நாட்டுக்காரர்கள் சொல்வது உண்மையா, வெறும் துவேஷமா? நம் குடும்பம் என்பதற்காக மழுப்பாமல் எழுது.

கவிதா (நியூ ஜெர்சி), இரவு 8:50
பெரியப்பா, துவேஷமும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. உண்மையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதைப் பேசுவதே இல்லை.

நான் இங்கு வந்த புதிதில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிப் பணி முழுவதையும் எங்கள் கம்பெனி எடுத்துக்கொண்டது. அங்கிருந்தவர்கள் எங்களுக்கு வேலையைக் கற்றுத்தர வேண்டும்; அதைத்தான் நாங்கள் கேடி என்று சொல்வோம். எனக்குக் கேடி கொடுத்தவர் அதே இடத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்த ஓர் அம்மையார். இரவில் கணினியில் தானாக ஓடும் ஜாப் எந்த இடத்தில் வழக்கமாக நிற்கும், நின்றால் எந்தக் கோப்பைச் சரிசெய்து எந்தப் படியிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும் என்று தன் கைப்பட எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து எனக்குக் கொடுத்தார். ஒவ்வொரு நாள் முடிவிலும் இன்னின்னதைப் புரிந்துகொண்டேன் என்று நான் கையெழுத்திட வேண்டும். எல்லாத் தாளிலும் என் கையெழுத்து விழுந்த பிறகுதான் அவருக்குரிய பணிநீக்கத் தொகை கைக்கு வரும். அவர் வாங்கியதைவிட என் சம்பளம் மிகவும் குறைவு என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

இதேபோல் ஊரறிய நடந்ததும் உண்டு. ஒர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் 2014 அக்டோபரில் ஏறக்குறைய 250 கணினிப் பணியாளர்களிடம், மூன்று மாதத்தில் வேலை போய்விடும், அதற்குள் வரப்போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் பணிநீக்கத் தொகை உண்டு என்று சொன்னது. வந்தவர்களில் பலர் இந்திய அவுட்சோர்சிங் நிறுவனத்தின் மூலம் எச்1பி விசாவில் வந்தவர்கள். சிலர் வழக்குப் போட்டார்கள். 2016இல் அவை தள்ளுபடியாயின.

சிவகுமார் சித்தப்பா (கோவை), இரவு 9:02
உள்ளூர்க்காரரை நீக்கிவிட்டு வெளிநாட்டவரை வைப்பதைத் தடுக்கத்தானே அந்தச் சட்டம்? வங்கியில் சங்க வேலை பார்த்த எனக்கு வழக்கு எப்படித் தள்ளுபடியாயிற்று என்பது விளங்கவில்லை.

கவிதா, இரவு 9:30
அதுதான் கதையின் மையம், சித்தப்பா. ஊழியர்களில் 15 சதவிகிதமோ அதற்கு மேலோ எச்1பி விசாவில் வைத்திருக்கும் பெரிய நிறுவனம், உள்ளூர்க்காரரை நீக்கிவிட்டு ஆள் எடுக்க மாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். ஆனால் வருகிறவருக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் கொடுத்தாலோ, அவர் முதுகலைப் பட்டம் பெற்றவராக இருந்தாலோ அந்த உறுதி தேவையில்லை. 1998இல் எழுதப்பட்ட அந்த 60,000 இன்றுவரை மாறவில்லை. அன்று அந்தத் தொகைக்கு வாங்கியதை இன்று வாங்க ஏறக்குறைய இரண்டு மடங்கு பணம் வேண்டும். கணினி வேலையில் அன்று நல்ல சம்பளமாக இருந்தது இன்று தொடக்கநிலைச் சம்பளமாகக்கூடத் தேறாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. விசாவில் வருகிறவருக்கு அந்த ஊர்ச் சம்பள நிலவரப்படி கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த நிலவரத்தை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் ஊரில் அதே வேலையைச் செய்யும் நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 17ஆம் ஆள் வாங்குவது முதல் நிலை, 34ஆம் ஆள் வாங்குவது இரண்டாம் நிலை. நடுவில் நிற்பவருக்குரியது மூன்றாம் நிலைதான். ஆக, நடுச் சம்பளத்துக்குக் கீழே கொடுப்பதைச் சட்டமே இரண்டு படிகளில் அனுமதிக்கிறது, அவுட்சோர்சிங் நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு படிகளில்தான் ஆளைக் காட்டுகின்றன.

செல்வி அத்தை (ஈரோடு), இரவு 9:41
பொருளாதாரம் நடத்திய பழக்கத்தில் ஒரு வார்த்தை சொல்கிறேன். வெளியூர் ஆள் வந்தால் சம்பளம் குறையுமா என்ற கேள்விக்குப் பொருளாதார அறிஞர்களிடமே ஒரே பதில் கிடையாது. 1980இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களில் அமெரிக்காவுக்குப் படகேறி வந்தார்கள். மயாமி நகரின் தொழிலாளர் எண்ணிக்கை ஏறக்குறைய 7 சதவிகிதம் கூடியது. டேவிட் கார்ட் 1990இல் அதை ஆராய்ந்து, உள்ளூர்க்காரர் சம்பளத்தில் பெரிய பாதிப்பு இல்லை என்றார். அவர் பின்னாளில், 2021இல், நோபல் பரிசும் பெற்றார். ஜார்ஜ் போர்ஹாஸ் அதே மயாமியை மறுபடி எடுத்து, பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 10 முதல் 30 சதவிகிதம் வரை சம்பளம் விழுந்திருக்கிறது என்றார். அவர் எடுத்த மாதிரி மிகச் சிறியது என்று மறுத்தவர்களும் உண்டு. மொத்தமாகப் பார்க்கும்போது தெரியாத வலி, அதே வேலைக்குப் போட்டியிடுகிற ஒரு சிறு கூட்டத்தின் தலையில் விழுந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கவிதா, இரவு 9:58
எங்கள் துறைக்கும் அது பொருந்தும், அத்தை. ஜான் பவுண்ட், கௌரவ் கன்னா, நிக்கோலஸ் மொராலஸ் என்ற மூவர் 1994 முதல் 2001 வரையிலான காலத்தைக் கணக்கிட்டார்கள். வெளிநாட்டவர் வராமல் இருந்திருந்தால் 2001இல் அமெரிக்கக் கணினிப் பணியாளர்களின் சம்பளம் 2.6 முதல் 5.1 சதவிகிதம் வரை கூடுதலாகவும், அவர்களில் வேலையில் இருப்போர் 6.1 முதல் 10.8 சதவிகிதம் வரை கூடுதலாகவும் இருந்திருக்கும் என்பது அவர்கள் கண்டது. அதே ஆய்வு, வந்தவர்களால் உற்பத்தி பெருகியது, பொருள்களின் விலை குறைந்தது, நிறுவனங்களின் லாபம் ஏறியது என்றும் சொல்கிறது. நாட்டுக்கு நல்லது என்று பேசும் பொருளாதாரவாதியும், என் வேலை போயிற்று என்று சொல்லும் அந்த அம்மையாரும் ஒரே நேரத்தில் உண்மை பேசலாம். அவருக்கு ஏற்பட்ட இழப்பை அந்த லாபத்திலிருந்து ஈடுசெய்யும் ஏற்பாடு எதுவும் இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முருகேசன் பெரியப்பா, இரவு 10:15
இதைப் படிக்கப் படிக்க எங்கள் பனியன் கம்பெனிதான் நினைவுக்கு வருகிறது. நான் கணக்கு எழுதிய காலத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் காண்ட்ராக்டர் மூலம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உள்ளூர் டைலர் ஒன்றரை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். ரேட் பிடிக்கவில்லை என்றால் மறுநாளே எதிர்த் தெருக் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பயந்தே முதலாளி ரேட்டை ஏற்றுவார். காண்ட்ராக்டர் ஆள் கம்பெனி கொடுத்த ரூமில் தங்கி, ஊரில் வாங்கிய அட்வான்ஸுக்காக வேலை பார்ப்பவர். சம்பளம் காண்ட்ராக்டர் கையில் மொத்தமாகப் போகும். எங்கள் பதிவேட்டில் அந்த ஆளின் பெயர்கூட இருக்காது, தலை எண்ணிக்கை மட்டும் இருக்கும். வேறு மாநிலத்திலிருந்து கூட்டிவரும் தொழிலாளிக்கு உள்ளூர்க்காரருக்குச் சமமான கூலியும், அதற்கு மேல் இடப்பெயர்ச்சிப் படியும் தர வேண்டும் என்று 1979இலேயே சட்டம் வந்தது. அந்தப் படிக்கென்று எங்கள் பேரேட்டில் ஒரு பத்தியே கிடையாது.

வடக்கத்திக்காரன் வந்து ரேட்டைக் கெடுத்துவிட்டான் என்று டைலர்கள் பேசிக்கொள்வார்கள். அவன் எங்கே கெடுத்தான்? ரேட் பேசும் நேரத்தில் அவன் அந்த அறைக்குள்ளேயே இல்லையே.

கவிதா, இரவு 10:34
நான் சொல்ல நினைத்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள், பெரியப்பா. எச்1பி விசா நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. வேலை போனால் 60 நாளுக்குள் வேறு நிறுவனம் என் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்ப வேண்டும். சட்டப்படி வேறு வேலைக்கு மாறலாம். ஆனால் இங்கேயே நிரந்தரமாகத் தங்க உதவும் கிரீன் கார்டுக்குப் பெரும்பாலும் நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டுதோறும் தரப்படுவதில் ஒரு நாட்டுக்கு 7 சதவிகிதம்தான் என்ற உச்சவரம்பால் இந்தியர்கள் பத்தாண்டுக்கும் மேலாக வரிசையில் நிற்கிறோம், நடுவில் மாறினால் புதிய நிறுவனம் அந்தக் காகித வேலையில் பெரும்பகுதியை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். இத்தனையும் தலைக்கு மேல் இருக்கும்போது சம்பள உயர்வு கேட்க யாருக்கு வாய் வரும்? நான் கேட்க முடியாததால் என் பக்கத்து இருக்கையில் இருக்கும் அமெரிக்கருக்கும் உயர்வு கிடைப்பதில்லை. அவருடைய கோபம் என்மேல் திரும்புகிறது. எங்கள் இருவரையும் அந்த நிலையில் வைத்தவர்கள்மேல் திரும்ப வேண்டியது அது.

சிவகுமார் சித்தப்பா, இரவு 10:46
அப்படியானால் இந்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் அமெரிக்கத் தொழிலாளிக்காவது நன்மை செய்யுமா?

கவிதா, இரவு 11:05
பெரிதாகச் செய்யாது என்றே நினைக்கிறேன். அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகிறது; நடுச் சம்பளத்துக்குக் கீழே கொடுக்கலாம் என்ற விதி இருந்த இடத்தில் இருக்கிறது, விசாவும் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஆளை அனுப்ப முடியாவிட்டால் வேலையை அனுப்புவார்கள். 2004இல் ஆண்டு விசா எண்ணிக்கை 1,95,000இலிருந்து 65,000 ஆகக் குறைந்தபோது பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியாவிலும் சீனாவிலும் கனடாவிலும் இருந்த தங்கள் கிளைகளில் ஆளெடுப்பதைக் கூட்டின என்று பிரிட்டா கிளென்னன் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். இப்போது இந்தியாவில் வெளிநாட்டு நிறுவனங்கள் தாமே நடத்தும் ஜிசிசி மையங்கள் 1,700க்கு மேல் இருக்கின்றன, 19 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள் என்று இந்திய மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் 2024இல் கணக்குக் கொடுத்தது.

செல்வி அத்தை, இரவு 11:12
வேலை இங்கே வந்தால் நம் பிள்ளைகளின் சம்பளம் ஏறியிருக்க வேண்டுமே. எங்கள் பள்ளியில் படித்துப் பொறியியல் முடித்துச் சேர்ந்த பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஆண்டுக்கு மூன்றே கால் லட்சம் வாங்கினார்கள்; இப்போது சேரும் பிள்ளைகளும் மூன்றரை லட்சத்தைத் தாண்டவில்லை. விலைவாசியைக் கழித்தால் அது பெரிய வெட்டு. பிழிந்து எடுத்த காசு அந்த அம்மையாரிடமும் இல்லை, நம்மிடமும் வரவில்லை.

அருண், இரவு 11:20
அத்தை சொல்வது என் கதைதான். அக்கா, விசாவை ஒழிக்க வேண்டும் என்கிறீர்களா?

கவிதா, இரவு 11:38
இல்லை, அருண். விசா உன் பெயரில் இருக்க வேண்டும், நீ விரும்பிய நாளில் வேலை மாறும்படி இருக்க வேண்டும், குறைந்தபட்சச் சம்பளம் அந்த ஊரின் நடுச் சம்பளமாவது இருக்க வேண்டும் என்கிறேன். அப்படி வந்தால் மலிவு என்பதற்காக மட்டும் ஆளை அழைப்பது நின்றுவிடும். அதனால் உன் போன்றவர்களுக்கு வாய்ப்புக் குறையும். அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. நான் இங்கு வந்ததே அந்த மலிவான கதவு வழியாகத்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

அருண், இரவு 11:44
புரிகிறது அக்கா. நான் ஜிசிசி மையங்களில் முயற்சி செய்யலாமென்று இருக்கிறேன். ஆனால் ஆன்சைட் பயிற்சிக்காக இரண்டு ஆண்டுகளுக்குள் விலக மாட்டேன் என்று பாண்டில் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆன்சைட் போகவே இல்லை. பாண்ட் மட்டும் இருக்கிறது.

முருகேசன் பெரியப்பா, இரவு 11:47
ஒடிசாக்காரனுக்கு அட்வான்ஸ், இவளுக்கு விசா, உனக்குப் பாண்டா?

சிவகுமார் சித்தப்பா, இரவு 11:55
அருண், இதை நீ என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம். பாண்ட் எதுவும் செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்பி ராஜினாமா எழுதிவிடாதே. மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி வாங்கிய பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. அது போட்டித் தேர்வு வைத்து ஆளெடுக்கும் பொதுத்துறை வங்கி; உன்னுடையது தனியார் கம்பெனி, அதுவும் கொடுப்பதாகச் சொன்ன பயிற்சியைக் கொடுக்கவில்லை. அந்த வேறுபாடு உனக்கு உதவுமா என்பதைத் தொழிலாளர் வழக்குப் பார்க்கும் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். பாண்டின் எல்லாப் பக்கங்களையும், பயிற்சி குறித்து உனக்கு வந்த மின்னஞ்சல்களையும் நாளைக் காலை எனக்குத் தனியாக அனுப்பு. திங்கட்கிழமை சங்க அலுவலகத்துக்குப் போகிறேன். அங்கு வரும் வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.