ஆபீஸ் 2016-ஐ மாற்றணும்: வருஷச் சந்தாவா, ஒரே தடவை வாங்குவதா?

வண்ணை ஜவுளி:

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் நைட்டி, உள்பாவாடை மொத்த வியாபாரம் எங்களுடையது. கடையில் மூன்று கம்ப்யூட்டர். கணக்குக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, இரண்டிலும் விண்டோஸ் 10. மேலே குடோனில் ஸ்டாக் எழுத ஒரு கிழட்டு மெஷின், விண்டோஸ் 7. மூன்றிலும் ஆபீஸ் 2016, காசு கொடுத்து வாங்கியதுதான்.

பெரம்பூரில் இருக்கும் எங்கள் ஆடிட்டர் போன வாரம் பார்ட்டி பாக்கி ஷீட் ஒன்று அனுப்பினார். திறந்தபோது தொகையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு கட்டத்துக்குள் போய் என்டர் தட்டினேன், அவ்வளவுதான், ‘#நேம்?’ என்று மாறிவிட்டது. ஃபார்முலாவின் முன்னால் ‘எக்ஸ்எல்எஃப்என்’ என்று என்னவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. "உங்க ஆபீஸ் பழசு சார், மாத்திடுங்க" என்கிறார்.

கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி மைக்ரோசாஃப்ட் 365 என்ற வருஷச் சந்தா போடச் சொல்கிறார். மச்சான் ஆபீஸ் 2024-ஐ ஒரே தடவை வாங்கிவிடு என்கிறார். இன்னொருவர் 700 ரூபாய்க்கு ‘லைஃப்டைம் கீ’ இருக்கிறது என்கிறார். மூன்று மெஷினுக்கும் செலவு என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை எக்ஸல்:

அண்ணா, ஆடிட்டர் எக்ஸ்லுக்கப் போட்டிருக்கிறார், பெயரைத் தேடி அதற்கான தொகையை எடுத்து வரும் ஃபார்முலா. அது 2016-லும் கிடையாது, 2019-லும் கிடையாது. 2021-லிருந்துதான் உண்டு, சந்தாவிலும் உண்டு. கடைசியாகக் கணக்கிட்ட விடையை ஃபைலிலேயே வைத்திருக்கும், அதனால்தான் திறந்ததும் சரியாகத் தெரிந்தது. நீங்கள் தொட்டதும் மறுபடி கணக்குப் போடப் பார்த்து முழிக்கிறது.

இதற்காக மட்டும் காசு செலவழிக்க வேண்டாம். இன்டெக்ஸ், மேட்ச் என்ற இரண்டு பழைய ஃபார்முலாவையும் சேர்த்துப் போட்டால் அதே வேலை நடக்கும், 2016-லேயே. ஆடிட்டரிடம் கேட்டால் அஞ்சு நிமிஷத்தில் மாற்றித் தருவார்.

ஆனால் 2016-க்கும் 2019-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. ஓடும், ஆனால் ஓட்டை அடைக்க ஆள் இல்லை. தெரியாத பார்ட்டியிடமிருந்தெல்லாம் மெயிலில் ஆர்டர் ஷீட் வரும் கம்ப்யூட்டரை மட்டுமாவது மாற்றுங்கள்.

மண்ணடி கிளியரிங்:

சந்தா எடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆபீஸில் பணம் எடுத்துக்கொண்டிருந்த கார்டு காலாவதியானதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு 19-ஆம் தேதி சாயங்காலம் எக்ஸல் திறக்கிறது, படிக்கலாம், பிரின்ட் எடுக்கலாம், ஒரு எழுத்து மாற்ற முடியவில்லை. மறுநாள் ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள்! பையனை விட்டு வேறொரு கார்டைத் தேடி, ஓடிபி வந்து, அது வேலை செய்வதற்குள் ராத்திரி ஒன்பது மணி. ஃபைல் எதுவும் போகவில்லை, அது உண்மை. உயிர்தான் போய் வந்தது.

அந்த 700 ரூபாய் கீயை நானும் ஒருமுறை வாங்கினேன். பெரிய கம்பெனிகளுக்கு மொத்தமாகக் கொடுத்த லைசென்ஸைத்தான் பிய்த்து விற்கிறார்கள். நாலு மாதம் ஓடியது. அப்புறம் லைசென்ஸ் செல்லாது என்று மேலே சிவப்புப் பட்டை. விற்றவர் போனை எடுக்கவேயில்லை.

ராயபுரம் அக்கவுன்ட்ஸ் அக்கா:

தம்பி, வாங்குவதற்கு முன் பெயரைச் சரியாகப் பாருங்கள். ‘ஹோம் 2024’ வீட்டுக்கு. கடைக்கு ‘ஹோம் அண்ட் பிசினஸ் 2024’, அதில்தான் அவுட்லுக்கும் வரும். ஒன்று வாங்கினால் ஒரே கம்ப்யூட்டருக்குத்தான். 2029 அக்டோபர் வரை அப்டேட் வரும், அடுத்த பதிப்பு வந்தால் இலவசமாகக் கிடைக்காது. சந்தாவிலும் ‘பர்சனல்’, ‘ஃபேமிலி’ வீட்டுக்கானவை. ‘பிசினஸ் பேசிக்’ விலை குறைவாகத் தெரியும், ஆனால் அது பிரவுசரிலும் போனிலும் மட்டும்தான். கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ள வேண்டுமானால் ‘ஸ்டாண்டர்ட்’. என் பழைய முதலாளி பேசிக் எடுத்துவிட்டு, எக்ஸல் எங்கே என்று என்னைத் திட்டினார்.

சந்தா ஆள் கணக்கு. ஒரே ஆள் ஐந்து கம்ப்யூட்டர் வரை போட்டுக்கொள்ளலாம். கடையில் உட்கார்ந்து எழுதுவது ஒருவரா, மூவரா? அதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

அப்புறம், எது வாங்கினாலும் கடை ஜிஎஸ்டி நம்பர் போட்டு பில் கேளுங்கள். வரி 18 சதவீதம், அதை இன்புட்டில், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது.

வண்ணை ஜவுளி:

அக்கா, கணக்கு நான் ஒருவன்தான். பில்லுக்கு ஒரு பொண்ணு, குடோனில் ஒரு பையன். பில் ஷீட்டில் பார்கோடு பிரின்டருக்கு ஒரு மேக்ரோ இருக்கிறது, ஷீட்டுக்குள்ளேயே எழுதி வைத்த சின்ன புரோகிராம். எழுதிக் கொடுத்தவர் இப்போது வெளிநாட்டில். புதுசு போட்டால் அது ஓடுமா?

தண்டையார்பேட்டை எக்ஸல்:

ஆபீஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை. பழைய ஆபீஸ் வழக்கமாக 32 பிட்டாகத்தான் ஏறும், புதியது 64 பிட்டாக ஏறும். மேக்ரோவில் மேலே ‘டிக்ளேர்’ என்று தொடங்கும் வரி இருந்தால் அதில் ‘பிடிஆர்சேஃப்’ சேர்க்காமல் 64-ல் ஓடாது. வரி இல்லையென்றால் கவலை குறைவு. பில் கம்ப்யூட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்.

விண்டோஸ் 7-இல் 2024 ஏறவே ஏறாது. அதில் லிப்ரே ஆபீஸ் 24.8 போடுங்கள், எக்ஸல் மாதிரி ஷீட் போடும் வேறொரு சாஃப்ட்வேர், இலவசம். அதில் எக்ஸ்லுக்கப்பும் இருக்கிறது. 25.8-ஐப் போடாதீர்கள், விண்டோஸ் 7-ஐ அது விட்டுவிட்டது. அந்த மெஷினை நெட்டிலிருந்து கழற்றிவிட்டு பென்டிரைவில் வேலை பாருங்கள்.

வண்ணை ஜவுளி:

கணக்கு கம்ப்யூட்டருக்கு மட்டும் ஹோம் அண்ட் பிசினஸ் ஒன்று வாங்கிவிட்டேன், ஜிஎஸ்டி பில்லோடு. குடோனில் லிப்ரே. பில் மெஷின் அப்படியே, மெயில் மட்டும் எடுத்தாயிற்று. சந்தா இப்போதைக்கு வேண்டாம், என் கார்டும் மார்ச்சில் முடிகிறது.

ஆனால் ஒரு கூத்து. ஆடிட்டர் ஷீட்டில் ‘#நேம்?’ போய் இப்போது ஏழு பார்ட்டிக்கு ‘#என்/ஏ’ வருகிறது, பெயர் கிடைக்கவில்லையாம். புது ஆபீஸிலும்!

தண்டையார்பேட்டை எக்ஸல்:

பார்ட்டி பெயருக்குப் பின்னால் ஸ்பேஸ் இருக்கும் அண்ணா. அதை வெட்டிவிடும் ‘டிரிம்’ ஃபார்முலா போட்டுப் பாருங்கள்.

வண்ணை ஜவுளி:

ஆறு சரியாகிவிட்டது. ஏழாவதைப் பார்த்தேன். பில் போடும் பொண்ணு ‘ஸ்ரீ’-ஐ ‘சிறீ’ என்று அடித்திருக்கிறாள்.