இளம் விராலடிப்பானின் புள்ளி மொராக்கோவில் நின்றுவிட்டது, செத்துப்போச்சா?

எர்ணாவூரான்:
வணக்கம். ஸ்காட்லாந்தில் இந்த வருஷம் கூட்டைவிட்டுப் பறந்த ஒரு விராலடிப்பான் (ஆஸ்ப்ரே, மீன் பிடித்துத் தின்னும் பருந்து) குஞ்சுக்கு முதுகில் சாட்டிலைட் டேக் மாட்டியிருக்கிறார்கள், அது போகிற வழியை மேப்பில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். செப்டம்பரிலிருந்து ராத்திரி சாப்பிட்ட கையோடு நானும் என் பொண்ணும் அதைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பிரான்ஸ், ஸ்பெயின் எல்லாம் தாண்டி மொராக்கோவில் அட்லஸ் மலைக்குத் தெற்கே போனது, அதோடு புள்ளி நின்றுவிட்டது. சில நாட்களாகப் புதிதாக ஒன்றும் வரவில்லை, பொண்ணு தினமும் கேட்கிறாள். செத்துப்போச்சா? அப்புறம் இன்னொன்று, இது தாய் தகப்பன் இல்லாமல் தனியாகப் போகிறதாம், மூணு மாசக் குஞ்சுக்கு ஆப்பிரிக்கா எந்தப் பக்கம் என்று யார் சொல்லிக்கொடுத்தது? நம்ம எண்ணூர் முகத்துவாரத்தில் கரண்ட் டவர் மேலே உட்காருமே, அதுவும் அங்கிருந்து வருவதுதானா?

கழிமுகம்_பார்வை:
சார், முதலில் அது எந்த வகை டேக் என்று அந்தப் பக்கத்திலேயே தேடிப் பாருங்கள், பதில் அதில்தான் இருக்கிறது. ஒரு வகை ஆர்கோஸ் செயற்கைக்கோளுக்கு நேராகவே அனுப்பும், பாலைவனமோ கடலோ அதற்குக் கவலையில்லை. இன்னொரு வகை ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்து உள்ளேயே சேமித்து வைத்துக்கொண்டு, செல்போன் டவர் கிடைக்கும்போது மொத்தமாக அனுப்பும். அட்லஸுக்குத் தெற்கே என்றால் எதிரில் சகாரா, அங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு டவர்கூட இருக்காது. இரண்டாம் வகை என்றால் இந்த மௌனத்துக்கு அர்த்தமே இல்லை, மவுரித்தேனியா கடற்கரையோ செனகலோ வந்ததும் விட்டுப்போன புள்ளிகள் எல்லாம் ஒரே நாளில் கொட்டும். உண்மையில் பயப்பட வேண்டியது வேறு மாதிரி: டேக் ஒழுங்காகப் பேசிக்கொண்டே இருக்கிறது, ஆனால் பகலும் ராத்திரியும் ஒரே இடத்தையே சொல்கிறது. அப்போதுதான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டும். டேக் சோலாரில் ஓடுவது, இறகு மூடினாலோ வெயில் இல்லாவிட்டாலோ சார்ஜ் இறங்கிப்போகும், அதையும் கணக்கில் வையுங்கள். இரண்டு புள்ளிக்கு நடுவில் மேப் போடுகிற நேர்கோட்டை அது பறந்த பாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டீர்களே, யாருமே இல்லை. பெரும்பாலும் தாய் முதலில் கிளம்பிவிடும், தகப்பன் கொஞ்ச நாள் மீன் போட்டுவிட்டு அதுவும் போய்விடும், குஞ்சுகளும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகத்தான் கிளம்பும். எந்தத் திசை என்பது பிறவியிலேயே இருக்கிறது. 1996-இலிருந்து சில வருஷங்கள் ஸ்காட்லாந்துக் கூடுகளில் இருந்து குஞ்சுகளை எடுத்து, இங்கிலாந்தின் நடுவில் ரட்லண்ட் வாட்டர் என்ற ஏரியில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். வழிகாட்டப் பெரிய பறவை ஒன்றும் கூட இல்லை, அப்படியும் கிளம்பிப் போய், அதில் சில அந்த ஏரிக்கே திரும்பி வந்து 2001-இல் அங்கே குஞ்சு பொரிக்கவும் ஆரம்பித்துவிட்டன.

நூல்_கட்டிய_கால்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் பாப்பாவிடம் 'கண்டிப்பா உயிரோட இருக்கு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் சார். முதல் வருஷத்தைத் தாண்டாத குஞ்சுகள்தான் பாதிக்கு மேல். திசை பிறவியிலேயே இருக்கிறது, காற்றைச் சமாளிக்கிற சாமர்த்தியம் இல்லை. பக்கவாட்டுக் காற்று தள்ளினால் பெரியது திருத்திக்கொள்ளும், சின்னது தள்ளின பக்கமே போய் அட்லாண்டிக்கில் மாட்டிக்கொள்ளும், அப்படிக் கடலுக்குமேல் முடிந்துபோன தடங்கள் நிறைய உண்டு. அந்த டேக் பெரிய பாரமும் இல்லை, ஒன்றரைக் கிலோ பறவைக்கு முப்பது கிராம் போல, உடல் எடையில் மூன்று சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

முகத்துவாரத்துப்_பையன்:
அண்ணே, நீங்க சொல்ற டவர் பறவையை எனக்கு நல்லாத் தெரியும், அப்பாவோட படகில் போகும்போது தலைக்கு மேலேயே மடவையைத் தூக்கிக்கொண்டு போகும், மீன் தலை எப்பவும் முன்பக்கம் பார்த்த மாதிரி பிடித்திருக்கும். காலை முன்னே நீட்டித் தண்ணீருக்குள்ளேயே விழுந்து எழும் பறவை என்பதால் எனக்கு ஒரு பயம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கறுத்துப்போய் நின்றதைப் பார்த்தவன் நான். அது போகட்டும், எனக்கு ஒரு டவுட்: இந்த செல்போன் டேக் நாடு விட்டு நாடு போனால் ரோமிங் யார் கட்டுவது?

கழிமுகம்_பார்வை:
தம்பி, சிரிக்காதீங்க, அது நிஜமாகவே நடந்தது. 2019-இல் ரஷ்ய ஆராய்ச்சியாளர்கள் டேக் மாட்டிய ஸ்டெப்பி கழுகுகளில் மின் என்ற ஒன்று கோடை முழுக்க கஜகஸ்தானில் டவர் இல்லாத இடத்தில் இருந்துவிட்டு நேரே ஈரானுக்குப் போய், சேர்ந்திருந்த எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் ஈரான் ரேட்டில் அனுப்பிவிட்டது. பட்ஜெட்டே காலி. பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள், அப்புறம் போன் கம்பெனியே இறங்கி வந்து சலுகை கொடுத்தது.

எண்ணூர்ப் பறவை ஸ்காட்லாந்துக்காரன் இல்லை. அங்கே பிறந்தவை பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குத்தான் போகும். நம்மிடம் குளிர்காலத்துக்கு வருபவை பெரும்பாலும் வட ஆசியாவில் கூடு கட்டுபவை. முதுகு இறகின் ஓரமெல்லாம் வெளிறி, செதில் போட்ட மாதிரி தெரிந்து, கண் மஞ்சளாக இல்லாமல் ஆரஞ்சாக இருந்தால் அது இந்த வருஷத்துக் குஞ்சு. அப்படி ஒன்று மே, ஜூனிலும் டவரை விட்டுப் போகாமல் இருந்தால் அடிபட்டது என்று நினைத்துவிடாதீர்கள், முதல் கோடையில் இவை ஊர் திரும்புவதில்லை, பெரும்பாலும் இரண்டு வயதுக்குப் பிறகுதான். காலில் வளையம் தெரிந்தால் எழுத்து, நிறம், எந்தக் கால் என்று குறித்து போட்டோவோடு இங்கே போடுங்கள்.

எர்ணாவூரான்:
நன்றி. பார்த்துவிட்டேன், செல்போன் வகைதான். நாங்கள் பார்த்த கடைசிப் புள்ளியும் பகல் பன்னிரண்டு மணியுடையது, அதாவது பறந்துகொண்டிருந்தபோதே சிக்னல் விட்டுப்போயிருக்கலாம். பாதிக்கு மேல் பிழைப்பதில்லை என்பதையும் பொண்ணிடம் சொல்லிவிட்டேன், 'சரி, செனகல் பக்கம் டவர் எங்கே இருக்கு காட்டு' என்கிறாள். தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் முகத்துவாரம் வந்தால் படகில் கொஞ்சம் உள்ளே கூட்டிப்போக முடியுமா?

முகத்துவாரத்துப்_பையன்:
வாங்கண்ணே, ஆறு மணிக்குள்ள வந்துடுங்க, அப்புறம் தண்ணி வத்திடும்.